கால் பலமா, காலப் பொருத்தமா?

சென்ற ஆண்டு ஆவணி மாதம் வட்டுக்கோட்டையில் சில நாட்கள் தங்கியிருந்தேன். மாலை வேளைகளில் சித்தங்கேணிப் பக்கமாக நடந்து போய்த் திரும்புவது வழக்கம். வழியில் ஒரு சிறு மைதானம். பத்துப் பன்னிரண்டு சிறுவர்கள் வரிசையாக நின்று கோல் கம்பத்தை நோக்கிப் பந்தை உதைத்துக் கொண்டிருந்தார்கள். பயிற்றுநர் ஒருவர் வாயில் விசிலும் கையில் குடையுமாக நின்றார். நான் வேலியோரம் நின்ற அரை மணித்தியாலத்தில் அவர் வாயிலிருந்து வந்த கற்பித்தல் மொத்தமும் ஒரே வாக்கியந்தான்: "பலமாய் அடியடா!" ஒல்லியான ஒரு பையன் உதைத்த பந்து உருண்டு போய்ப் பாதி வழியில் நின்றுவிட்டபோது மட்டும் சிறிது விரித்துரைத்தார்: "டேய் தம்பி, சோறு தின்னேல்லையோ?" எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பையனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. 1982இல் நானும் அப்படித்தான் சிரித்தேன்.

அந்தக் கதையை நீட்டப் போவதில்லை. பதின்மூன்று வயதில், வலிகாமத்துப் பாடசாலை ஒன்றில், அணித் தெரிவுக்கு வரிசையில் நின்றேன். தெரிவு செய்தவர் பந்தைப் பார்க்கவில்லை. குனிந்து எங்கள் தொடைகளைப் பார்த்தார். தடித்த தொடைகள் ஒரு பக்கம், மெலிந்தவை மறுபக்கம். மாட்டுச் சந்தையில் கூடப் பல்லைப் பார்ப்பார்கள், நடத்திப் பார்ப்பார்கள். எங்களுக்கு அதுவும் இல்லை. ஆளுக்கு இரண்டு உதை, அவ்வளவுதான். அன்று மறுபக்கம் ஒதுக்கப்பட்டவர்களில் ஒருவனாகிய நான் பின்னர் கலைப்பட்டம் பெற்று, பத்திரிகைக் கந்தோரில் சேர்ந்து, அதே உதைபந்தாட்டப் போட்டிகளைப் பற்றி எழுதுகிறவனானேன்.

எழுதியவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். "இடியென இறங்கிய உதை", "இரும்புக் கால்களின் வன்மை", "பிறவி ஆட்டக்காரன்" ஆகிய சொற்றொடர்கள் என் பேனாவிலிருந்து எத்தனை முறை வந்திருக்குமோ தெரியாது. அச்சுக்கோப்பவர் இருந்த காலத்தில் என்றால் அவற்றைக் கோத்தே ஒரு பெட்டியில் தயாராக வைத்திருக்கலாம். அந்தச் சொற்கள் பொய் என்பதை நான் மிகத் தாமதமாகத்தான் அறிந்தேன். அலங்காரப் பொய் என்றால் தீங்கில்லை. இது பிள்ளைகளின் வாய்ப்பைப் பறிக்கும் பொய்.

ஓர் உதை எப்படி நிகழ்கிறது என்பதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாக அதிவேகப் படக்கருவிகளையும் விசையளக்கும் தட்டுகளையும் வைத்து, தேர்ந்தவர்களையும் கற்றுக்குட்டிகளையும் சிறுவர்களையும் பந்தை உதைக்கச் செய்து அளந்திருக்கிறார்கள். உயிரியக்கவியல் என்று அதற்குப் பெயர். நான் பௌதிகம் படித்தவன் அல்லன். ஆனால் ஒரு பத்திரிகைக்காரனுக்கு விளங்கும் அளவுக்கு அது தெளிவான துறையே.

பாதம் பந்தைத் தொட்டுக் கொண்டிருக்கும் நேரம் எவ்வளவு தெரியுமா? விநாடியின் நூறில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ பத்து மில்லிவிநாடி. 410 முதல் 450 கிராம் வரை திணிவுள்ள பந்து அந்த இமைக்கும் நேரத்துக்குள் நசுங்கி, விரிந்து, பறந்து விடுகிறது. தேர்ந்த வளர்ந்த ஆட்டக்காரரின் பாதம் அக்கணத்தில் விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் வருகிறது. பந்து 25 முதல் 30 மீட்டர் வேகத்தில், மணிக்கு 90 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில், போகிறது. பத்துப் பதினொரு வயதுச் சிறுவர்களின் பந்து விநாடிக்குச் சுமார் 15 மீட்டர். பந்து தொட்ட பிறகு "பலத்தைக் கொடுப்பதற்கு" மனிதனுக்கு நேரமே கிடையாது. நரம்பு வழியே செய்தி போய்த் தசை மறுமொழி கூறுவதற்குள் பந்து கோல் கம்பத்துக்குப் பாதித் தூரம் போயிருக்கும். எல்லாம் அதற்கு முன்பே தீர்மானமாகி விடுகிறது.

எங்கே தீர்மானமாகிறது? இங்கேதான் அராலிக் கடற்கரையில் வீச்சுவலை எறிகிறவரை நினைத்துக் கொள்ளுங்கள். அவர் கையால் எறிவதில்லை. முதலில் கால் ஊன்றுகிறது, இடுப்பு திரும்புகிறது, பின்னர் மார்பு, தோள், கடைசியில்தான் கை. ஒவ்வொன்றும் முன்னது தணிகிற வேளையில் அதன் வேகத்தை வாங்கிக் கொண்டு புறப்படுகிறது. உதையும் அதேதான். தேர்ந்த ஆட்டக்காரன் உதைகாலைப் பின்னே கொண்டுபோகும்போது எதிர்ப்பக்கத்துக் கை விரிந்து பின்னால் நீள்கிறது, மார்பு திரும்புகிறது. அந்தக் கைவிரல் நுனியிலிருந்து உதைகாலின் விரல் நுனி வரை உடல் முழுவதும் நாணேற்றிய வில்லாக வளைகிறது. பிறகு வில் அவிழ்கிறது. இடுப்பு முன்னே வருகிறது, தொடை வருகிறது, முழங்கால் இன்னும் மடிந்தே இருக்கிறது. பந்தை அணுகுகையில் தொடை தன் வேகத்தைக் குறைக்கிறது. ஆம், குறைக்கிறது! அந்தக் கணத்தில்தான் முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி சவுக்கின் நுனியைப் போலச் சீறி முன்னே பாய்கிறது. அந்த இறுதிக் கட்டத்தில் கீழ்க்காலின் வேகம் தொடைத் தசை சுருங்கக் கூடிய வேகத்தையே மிஞ்சி விடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். தடித்த தொடையாலும் அவ்வேளையில் நேரடியாகத் தள்ள இயலாது; முன்னரே சேர்த்து வைத்த வேகந்தான் வேலை செய்கிறது.

கற்றுக்குட்டியைப் பாருங்கள். கைகள் உடலோடு ஒட்டியிருக்கும் அல்லது சமநிலைக்காகக் குழப்பமாக அசையும். மார்பு பந்துக்கு நேராகவே நிற்கும். வில் வளைவதே இல்லை. தொடையும் கீழ்க்காலும் ஒரே கட்டையாக, கதவு திறப்பதுபோல, சேர்ந்து வரும். இத்தகைய பிள்ளையிடம் "பலமாய் அடி" என்று கத்தினால் அவன் என்ன செய்வான்? இருக்கிற தசைகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் இறுக்குவான். இறுகிய உடலில் சவுக்கு ஏது? அவன் முகம் சிவக்கும், பந்து உருளும். அவனிடம் குறைந்திருப்பது பலம் அன்று. எது முன், எது பின் என்கிற ஒழுங்கு. அந்த ஒழுங்கு கற்பிக்கக் கூடியது. இதுதான் என் வழக்கு.

இன்னும் இரண்டு இடங்களில் வித்தியாசம் தெரியும். ஒன்று, உதைக்காத கால். எங்கள் ஊரில் எவரும் ஏறெடுத்துப் பார்க்காத கால் அது. ஊன்றுகால் பந்தின் பக்கத்தில், அளவான இடைவெளியில் பதிய வேண்டும். அந்தக் காலின் மேல் உடல் எடையைப் போல் இருமடங்குக்கும் கூடிய விசை இறங்குகிறது. ஐம்பது கிலோ எடையுள்ள பையன் நூறு கிலோவுக்கு மேல் தாங்குகிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். முழங்கால் சிறிது மடிந்து அதை வாங்கி, பந்தைத் தொடுவதற்குச் சற்று முன் நிமிர்ந்து உடலை உயர்த்துகிறது. ஊன்றுகால் பின்னால் பிந்தினால் பந்து வானத்துக்குப் போகும். ஓடிவரும் கோணமும் அப்படியே. நேர்கோட்டில் ஓடிவருவதைவிட ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் வருகையில் பந்தின் வேகம் கூடுதலாகிறது என்பது 1988ஆம் ஆண்டிலேயே அளந்து வெளியிடப்பட்ட செய்தி. இடுப்பு சுழல்வதற்கு இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான் இரகசியம்.

மற்றது கணுக்கால். பிடி ஆடுகிற மண்வெட்டியால் கொத்தியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எவ்வளவு ஓங்கிக் கொத்தினாலும் அலகு மண்ணில் இறங்காமல் கையில்தான் அதிரும். கணுக்கால் தளர்ந்திருந்தால் பந்தில் மோதுவது பாதம் மட்டுமே. இறுக்கி நீட்டிப் பிடித்தால் கீழ்க்காலின் திணிவும் சேர்ந்து மோதுகிறது. பந்துக்குப் போகும் உந்தம் அங்கே தீர்மானமாகிறது. உடல் முழுவதும் தளர்வாக இருக்க, கணுக்கால் மட்டும் அந்த ஒரு கணத்தில் இறுக வேண்டும். கற்றுக்குட்டியிடம் இது தலைகீழாக இருக்கும்: உடல் இறுகி, கணு தளர்ந்து.

செருப்பில்லாமல் ஆடிய தலைமுறையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 1948 ஆகஸ்டுக்கு முந்தைய நாள், அதாவது யூலை 31ஆம் திகதி, இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியினர் பெரும்பாலோர் வெறுங்காலுடன் இறங்கி பிரான்சிடம் 2க்கு 1 என்ற கணக்கில் மட்டுமே தோற்றார்கள். இந்தியாவின் அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி இராமன். இதை வீரக்கதையாக மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். அளந்து பார்த்தவர்கள் சொல்வது என்னவென்றால், வலியைத் தாங்க முடிந்தால் வெறுங்கால் உதையின் வேகம் சப்பாத்து உதைக்குக் குறைந்ததல்ல, சில வேளை சற்று மிஞ்சவும் செய்யும். சப்பாத்தின் தடையின்றிப் பாதம் முழுமையாக நீள்வது அதற்கு ஒரு காரணம். ஆகவே விலையுயர்ந்த சப்பாத்து இல்லை என்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு உதை வரவில்லை என்கிற முறைப்பாட்டையும் நான் ஏற்கவில்லை. மழைக்காலச் சேற்றில் வழுக்காதிருக்கச் சப்பாத்து வேண்டும், விரல் உடையாதிருக்க வேண்டும். அது வேறு.

இனி, இரத்தம் பற்றிய கதைக்கு வருகிறேன். குருநகர், பாசையூர், நாவாந்துறை, மயிலிட்டி ஆகிய கரையோர ஊர்கள் நல்ல உதைபந்தாட்டக்காரர்களைத் தந்தவை. இதற்கு வலிகாமத்து உள்ளூர்த் திண்ணைகளில் நான் சிறுவயது முதல் கேட்டுவரும் விளக்கம்: "அவங்களுக்கு அது இரத்தத்திலை இருக்கு. கடற்காத்து, மீன் சாப்பாடு." புகழ்ச்சியைப் போல ஒலிக்கும் இந்த வாக்கியத்துக்குள் இருக்கும் அவமதிப்பை யாரும் கவனிப்பதில்லை. அந்தப் பிள்ளைகள் நடக்கத் தொடங்கிய நாள் முதல் மணலில், ஒழுங்கையில், தேவாலய முற்றத்தில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் உதைக்கிறார்கள். அண்ணன் உதைப்பதைத் தம்பி பார்க்கிறான். ஆயிரமாயிரம் உதைகளில் உடல் தானாகவே அந்த வில்லை, அந்தச் சவுக்கைக் கண்டடைகிறது. அது உழைப்பு. படித்துப் பட்டம் பெற்றவனின் வெற்றியை உழைப்பு என்றும், கரையூர்ப் பிள்ளையின் வெற்றியை இரத்தம் என்றும் சொல்லும் வழக்கம் எங்கிருந்து வருகிறது என்று நான் இங்கே விளக்கப் போவதில்லை, யாழ்ப்பாணத்தவர்களுக்கு விளங்கும்.

பெண்பிள்ளைகளின் உதை பற்றியும் இதே திண்ணை தீர்ப்பு வைத்திருந்தது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவிகள் அகில இலங்கைப் பட்டங்களோடு ஊர் திரும்பிய பின்னர் அந்தத் தீர்ப்பு சற்று மெல்லிய குரலில் சொல்லப்படுகிறது.

இரத்தந்தான் காரணம் என்பவர்கள் இன்னொன்றுக்கும் விடை சொல்ல வேண்டும். ஈழத்துத் தமிழ்ப் பெற்றோருக்கு வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன் 2024இல் பார்ன்ஸ்லி கழகத்தின் முதல் அணியில் ஆடினார். சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன் இலங்கைத் தேசிய அணிக்கு ஆடினார். இவர்களுடைய இரத்தம் இங்கிருந்து போனதுதானே? தொடை எலும்பு அங்கே போய் நீண்டு விட்டதா? அங்கே எட்டு வயதிலேயே பந்தின் அளவு பிள்ளையின் காலுக்கேற்றதாகக் கொடுக்கப்படுகிறது. ஊன்றுகாலைப் பார்க்கத் தெரிந்த பயிற்றுநர் ஒருவர் பக்கத்தில் நிற்கிறார். பன்னிரண்டு வயதில் மெலிந்திருப்பவன் பதினாறில் எப்படி இருப்பான் என்று பொறுத்துப் பார்க்கும் ஏற்பாடும் சிறிதளவாவது இருக்கிறது. எங்களிடம் என்ன நடக்கிறது? 14 வயதிற்குட்பட்ட அணியைத் தெரியும்போது தை மாதம் பிறந்தவனும் மார்கழியில் பிறந்தவனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், மற்றவனுக்குக் குரலே உடையவில்லை. பதினொரு மாத வளர்ச்சியைத் திறமை என்று எண்ணித் தெரிகிறோம். ஒதுக்கப்பட்டவன் மைதானத்தை விட்டுப் போய்விடுகிறான். பிறகு இலங்கை 2023இல் உலகத் தரவரிசையில் இருநூறுக்கும் அப்பால் கிடந்தது ஏன் என்று பத்தி எழுதுகிறோம். நானும் எழுதினேன்.

பலமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் மடல் எழுத வேண்டாம். பலம் வேண்டும். பலப் பயிற்சியையும் உதைப் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களின் பந்து வேகம் கூடியதென்பதும் அளந்தறியப்பட்டதே. ஆனால் ஒழுங்கு இல்லாத உடலில் பலத்தை ஏற்றுவது, பிடி ஆடும் மண்வெட்டிக்கு அலகை மட்டும் பெரிதாக்குவது. அதுமட்டுமன்று, குறி பார்த்து உதை என்றால் தேர்ந்தவர்களே தம் உச்ச வேகத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக் கொள்கிறார்கள். நாளெல்லாம் முழுப் பலத்தோடு உதைக்கப் பழக்கப்பட்டவன் ஆட்டத்தில் ஒரு நேரான பாஸ் கொடுக்கத் திணறுவதை எந்தச் சனிக்கிழமையும் எந்த மைதானத்திலும் காணலாம்.

வேறொரு மறுப்பு கூடுதல் மதிப்புக்குரியது. நண்பரொருவர், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், என்னிடம் கேட்டார்: "பிள்ளையிட்டைத் தொடை, கணு எண்டு பாடம் எடுத்தால் அவன் யோசிச்சுக் கொண்டு நிண்டு பந்தையே விட்டிடுவானே?" அவர் சொல்வது சரி. உடலுறுப்பில் கவனம் வைக்கச் சொல்வதைவிட, பந்து போக வேண்டிய இடத்தில் கவனம் வைக்கச் சொல்லும்போது பிள்ளைகள் விரைவாகக் கற்கிறார்கள் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் அந்த அறிவு யாருக்கு வேண்டும் என்பதே கேள்வி. பையனுக்கு வேண்டியதில்லை, பயிற்றுநருக்கு வேண்டும். நோயாளிக்கு மருத்துவ நூல் தேவையில்லை என்பதால் வைத்தியரும் படிக்கத் தேவையில்லை என்றாகுமா?

அந்த அறிவு தமிழில் எங்கே இருக்கிறது? இங்கேதான் வட்டுக்கோட்டைக்காரனாகிய எனக்கு வெட்கம் வருகிறது. 1823இல் அமெரிக்க மிசனரிமார் செமினரி அமைத்துப் பௌதிகமும் வானியலும் கற்பித்த ஊர் இது. 1847இல் இங்கே வந்திறங்கிய வைத்தியர் சாமுவேல் கிறீன், பின்னர் சில மைல் தொலைவிலுள்ள மானிப்பாயில் இருந்துகொண்டு மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். எலும்புக்கும் தசைக்கும் நரம்புக்கும் தமிழ்ச் சொல் தேடி, மாணவரையும் சேர்த்துக்கொண்டு நூல்கள் ஆக்கினார். 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வெளிவந்தது. செமினரியின் வழியில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்ததும் அதே ஆண்டுதான். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே தொடையின் தசைகள் ஒவ்வொன்றையும் தமிழில் எழுதி வைத்த மண்ணில், இன்று ஒரு சிறுவனின் தொடையைப் பார்த்துச் சொல்ல எங்களிடம் இருப்பது "பலமாய் அடியடா" என்ற ஒற்றை வசனம். சமயம் பரப்ப வந்தவர்கள் என்று அவர்களை எவ்வளவும் விமர்சிக்கலாம், நானும் விமர்சித்தவன். சொற்களைச் செய்து வைத்துப் போனார்கள் என்பது மறையாது.

பணம் இல்லை என்பீர்கள். பணம் இருக்கிறது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் சூரிச்சிலும் பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. இரவு விருந்து, இசை நிகழ்ச்சி, அதிர்ஷ்டலாபச் சீட்டு. சேரும் பணம் மைதானத்துக்குப் பார்வையாளர் அரங்காகவும், அன்பளித்தவர் பெயர் பொறித்த வாயிலாகவும், முதுகில் அனுசரணையாளர் பெயர் கொண்ட சீருடையாகவும் வந்து சேர்கிறது. ஒரு பயிற்றுநரை மூன்று மாதம் எங்காவது அனுப்பிப் படிப்பித்து எடுங்கள், அல்லது அங்கே சிறுவர் அணிகளைப் பயிற்றுவிக்கும் எங்கள் பிள்ளைகளில் ஒருவரை விடுமுறைக்கு இங்கே அனுப்புங்கள் என்று நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். பயிற்றுநரின் மூளைக்குள் பெயர்ப்பலகை மாட்ட முடியாது என்பதால் போலும், எவரும் முன்வரவில்லை.

அதற்கும் காத்திருக்க விரும்பாதவர்களுக்கு: இன்று நடுத்தர விலைக் கைபேசிகள் பலவற்றிலும் விநாடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவசைவு வசதி உண்டு. பத்து மில்லிவிநாடித் தொடுகை அதில் இரண்டு படமாகவாவது விழும். 1980களில் பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்று பெருமைப்பட்டிருக்கக் கூடிய கருவி, இன்று ஒவ்வொரு தகப்பனின் சட்டைப் பையிலும் கிடக்கிறது. பிறந்தநாள் கேக் வெட்டுவதைப் படம்பிடிக்க.

அடுத்த நாள் மாலையும் நான் அந்த மைதானத்துக்குப் போனேன். பயிற்றுநர் வந்திருக்கவில்லை. அந்த ஒல்லிப் பையன் தனியே பந்தை மதிலில் அடித்துக் கொண்டிருந்தான். ஏன் தனியே என்று கேட்டேன். "எனக்குக் கால் பெலன் காணாதாம் ஐயா. அணியிலை இல்லை" என்றான். கைபேசியில் அவன் உதையைப் பிடித்து அவனுக்கே காட்டினேன். இரண்டு முறை பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே, "மற்றக் கால் பின்னுக்கு நிக்குது ஐயா" என்றான். பிறகு பக்கவாட்டாக நான்கு அடி நகர்ந்து நின்று, சரிவாக ஓடிவந்து உதைத்தான். முதல் மூன்றும் மதிலுக்கு மேலால் அயல் வளவுக்குள் போயின. நாலாவது மதிலில் பட்டு எங்கள் இருவரையும் தாண்டித் தெருவுக்குப் போனது. பந்தை எடுக்க ஓடினான். இருட்டிக் கொண்டு வந்ததால் நான் வீடு திரும்பினேன்.

ஊருக்குத் திரும்பி வந்தபோது சங்கமொன்றிலிருந்து மின்னஞ்சல் காத்திருந்தது. இவ்வாண்டு வழங்கவிருக்கும் வெற்றிக் கிண்ணம் மூன்றடி உயரம் போதுமா, நாலடி வேண்டுமா என்று என் அபிப்பிராயம் கேட்டிருந்தார்கள். இன்னும் பதில் எழுதவில்லை.